தாவர நார் நெய்யாத் துணி: குறையைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

சணல், தென்னை நார், ஆளி நார், ஹெம்ப், பருத்தி, விஸ்கோஸ், லயோசெல் (இரண்டும் மரக்கூழ் நார்), பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) ஆகியவை ஓடும் நீடில் பஞ்ச் (ஊசியால் குத்திப் பின்னுவது), வெப்பப் பிணைப்பு, ஸ்பன்லேஸ் (நீர் ஜெட்டால் பின்னுவது) லைன்களுக்கும், பிஎல்ஏ ஸ்பன்பாண்ட் (உருகலை நேரே இழையாக்கித் துணியாக்குவது) லைனுக்கும் இது பொருந்தும். துணியில் தெரியும் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செட்டிங் மாற்றுவது அடுத்து, பாகம் மாற்றுவது கடைசி. ஊசி லூம், கார்டு (நாரைச் சீவி ‘வெப்’ என்னும் மெல்லிய விரிப்பாக்கும் மிஷின்), ஸ்பன்லேஸ் பம்ப் எதுவானாலும் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்ட பிறகே கை உள்ளே போகலாம்.

முதல் வேலை: ஈரம் அளப்பது

பாலியெஸ்டர் ஓட்டிப் பழகியவர்கள் குறை வந்ததும் ஸ்பேனரை எடுப்பார்கள். தாவர நாரில் அது பெரும்பாலும் வீண் வேலை. மிஷின் நேற்று இருந்தபடியேதான் இருக்கும், நார்தான் மாறியிருக்கும்.

பேலின் (நார்க் கட்டின்) நடுவிலிருந்து 50 கிராம் நார் எடுத்து எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது ரீகெய்ன். சணலுக்கு 13.75%, ஆளி நாருக்கு 12%, பருத்திக்கு 8.5%, விஸ்கோஸுக்கு 13% வரை, பிஎல்ஏ-வுக்கு 0.4 முதல் 0.6% என்பது வழக்கமான அளவு. கையில் பிடிக்கும் ஈரமானிகள் பல ரீகெய்னைக் காட்டாது, மொத்த எடையில் ஈரத்தின் பங்கைக் காட்டும். அதனால் 13.75% ரீகெய்ன் உள்ள சணலுக்கு அதில் 12.1% என்று வரும். இரண்டும் ஒன்றுதான். இது தெரியாமல் “மீட்டர் தப்பு” என்று ஒதுக்கிவிடுவதுண்டு.

பேலை உடைத்து 24 மணி நேரம் கார்டு அறையிலேயே விட்டுவைத்த நாரில், கீழே வரும் குறைகளில் பல தலைகாட்டவே தலைகாட்டாது.

## அறிகுறி 1: ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) நிற்கவில்லை

முதலில் குறை எந்தத் திசையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். துணியின் அகலம் முழுக்க 10 செ.மீ. × 10 செ.மீ. துண்டுகள் பத்து, நீளவாக்கில் ஒரே கோட்டில் இன்னும் பத்து வெட்டுங்கள். கிராமில் வரும் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். இந்த இருபது எண்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்க்காமல் எந்த போல்ட்டையும் தளர்த்தாதீர்கள்.

### காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை. அகலவாக்கில் சீராக இருக்கிறது

இது ஈரம். ரீகெய்ன் 10-லிருந்து 16-க்கு ஏறினால் 500 ஜி.எஸ்.எம். துணி 527 காட்டும். அந்த 27 கிராமும் வெறும் தண்ணீர். இதைப் பார்த்து ஃபீடை (உள்ளே போடும் நாரின் அளவை) குறைத்தால், துணி காய்ந்ததும் எடை குறைவு என்று திரும்பி வரும். துண்டுகளை உலர்த்தி எடை போட்டு, அதோடு வழக்கமான ரீகெய்னைச் சேர்த்து ஜி.எஸ்.எம். கணக்கிடுங்கள். ஏற்ற இறக்கம் மறைந்துவிட்டால் வேலை முடிந்தது. மறையவில்லை என்றால் மட்டும் அடுத்த பிரிவுகளுக்கு வாருங்கள்.

### இரண்டு விளிம்பும் கனம், நடு மெலிவு

கிராஸ்லேப்பர் என்பது வெப்பை இடவலமாக மடித்துப் படுக்கையாக அடுக்கும் மிஷின். அதன் வண்டி விளிம்பில் வேகம் குறைத்துத் திரும்பும்போது அங்கே வெப் கூடுதலாக இறங்கும். அதன் பிறகு ஊசி லூமின் இழுவையில் துணி அகலம் சுருங்கும்போதும் விளிம்புதான் கனக்கும். எது காரணம் என்று அறிய, ஊசிக்குப் போகும் முன் படுக்கையிலிருந்தே துண்டு வெட்டி எடை போடுங்கள்.

- அங்கேயே விளிம்பு கனமாக இருந்தால் லேப்பரில் திரும்பும் இடத்து வேகச் செட்டிங். புரொஃபைல் திருத்தும் வசதி இருந்தால் விளிம்புக்கு மெலிந்த வெப் போகும்படி அமையுங்கள்.
- ஊசிக்குப் பிறகுதான் கனம் என்றால் லூமின் நுழைவு, வெளியேற்ற உருளைகளுக்கு இடையே இழுவை அதிகம். அதைக் குறையுங்கள்.
- இரண்டாலும் தீராமல் மீதி இருக்கும் சிறிதளவை விளிம்பு வெட்டில் கழித்துவிடலாம். வெட்டிய விளிம்பை ஃபீடில் திரும்பப் போடுவீர்கள் என்றால் 5%-ஐத் தாண்ட வேண்டாம். ஊசி பட்ட நார் குட்டையாகியிருக்கும்.

### நீளவாக்கில் குறித்த இடைவெளியில் பட்டை பட்டையாக

அடுக்குக் கணக்கைப் பாருங்கள். வெப் அகலத்தை லேப்பருக்குள் வரும் வேகத்தால் பெருக்கி, அதைப் படுக்கை அகலம் × கீழ் ஏப்ரன் (படுக்கையைச் சுமந்து போகும் பட்டை) வேகத்தால் வகுத்தால் அடுக்கு எண்ணிக்கை கிடைக்கும். வெப்பும் படுக்கையும் 2.5 மீட்டர், வெப் நிமிடத்துக்கு 40 மீட்டர், ஏப்ரன் 5 மீட்டர் என்றால் 8 அடுக்கு. யாரோ உற்பத்தியைக் கூட்ட ஏப்ரனை 5.3-க்கு ஏற்றியிருந்தால் ஏறத்தாழ 7.5. ஓரிடத்தில் 7, அடுத்த இடத்தில் 8 என்று மாறி மாறி விழும். ஒரு அடுக்கு வித்தியாசம் என்பது எட்டில் ஒரு பங்கு எடை. எந்த ஊசியும் அதைச் சமன் செய்யாது. வேகத்தை முழு எண் அடுக்கு வரும்படி திருப்பி வையுங்கள். செலவு ஒன்றுமில்லை.

அடுக்கு முழு எண்தான், பட்டை இன்னும் இருக்கிறது என்றால் லேப்பருக்குப் பிந்திய உருளைகளைச் சந்தேகியுங்கள். இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அந்த உருளைக்குப் பிறகான டிராஃப்டால் (இழுவையில் எத்தனை மடங்கு நீள்கிறது என்ற எண்ணால்) வகுத்து, மீண்டும் 3.14-ஆல் வகுங்கள். வரும் எண் எந்த உருளையின் விட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அதுதான் ஆள். நார் சுற்றியிருக்கலாம், வளைந்திருக்கலாம். டயல் கேஜ் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளை வளைந்திருந்தாலோ பேரிங் ஆடினாலோ நீங்களே நிமிர்த்த முயல வேண்டாம், ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கார்டில் உள்ள உருளைக் குறை கிராஸ்லேப் செய்த துணியில் நீளவாக்கில் தெரியாது. திசை திரும்பி, அகலவாக்கில் அல்லது சாய்வாகத் தெரியும்.

### ஒழுங்கில்லாத திட்டுகள்

நார் திறப்பு போதவில்லை, அல்லது ஹாப்பர் பெட்டியில் நார் மட்டம் ஏறி இறங்குகிறது. மட்டம் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். சரியானால் அதோடு நிறுத்துங்கள். ஆகாவிட்டால் ஓப்பனரில் (நார்க் கட்டியைப் பிரிக்கும் மிஷினில்) இன்னொரு முறை நாரை ஓட்டுங்கள். சணலிலும் தென்னை நாரிலும் நீளம் ஒன்றுபோல் இல்லாததும் திட்டாக வரும். நீடில் பஞ்சுக்கு 50 முதல் 80 மி.மீ. வெட்டு பொதுவாக ஒத்துவரும். 120-க்கு மேல் நீண்ட நார் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிவிடும்.

## அறிகுறி 2: கார்டில் வெப் கிழிகிறது, உருளையில் சுற்றுகிறது

### சுற்றும் நார் பிஎல்ஏ. கையை அருகே கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கிறது

நிலைமின்சாரம். பிஎல்ஏ ஈரத்தை வைத்துக்கொள்ளாது, அதனால் மின்னேற்றமும் வழியாது. அறையின் ஆர்.எச். (காற்றின் ஈரப்பத விழுக்காடு) 50%-க்குக் கீழே இருந்தால் முதலில் 60-ஐ ஒட்டி ஏற்றுங்கள். அடுத்தது நாரின் மேல்பூச்சு: பழைய ஸ்டாக், வெயிலில் கிடந்த பேல் என்றால் பூச்சு போதாமல் இருக்கலாம். நிலைமின் நீக்கி எண்ணெயைத் தண்ணீரில் கரைத்து நாரின் எடையில் 0.3% சேரும்படி தெளித்து, ஓர் இரவு விட்டு ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதுதான் மின்னேற்றத்தை நீக்கும் அயனிக் கம்பி. அதன் எர்த்திங்கை எலக்ட்ரீஷியன் மட்டும் தொடட்டும்.

பூச்சைக் கண்மூடித்தனமாகக் கூட்டாதீர்கள். இங்கே கூட்டினால் ஸ்பன்லேஸில் நுரையாக வந்து நிற்கும்.

### பிசுபிசுப்பாக ஒட்டிச் சுற்றுகிறது

பருத்தி என்றால் பூச்சிகள் விட்ட தேன்போன்ற சர்க்கரை, சணல் என்றால் அதிகமாகத் தெளித்த எண்ணெய். இங்கே மருந்து மேலே சொன்னதற்கு நேர்மாறு: ஆர்.எச்.-ஐக் குறைக்க வேண்டும். கார்டின் பெரிய உருளையான சிலிண்டரின் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த பேலை நல்ல பேல்களோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீருங்கள்.

### ஒட்டவில்லை, மின்சாரமும் இல்லை. டாஃபரை (சிலிண்டரிலிருந்து வெப்பை எடுக்கும் உருளையை) விட்டு வந்ததும் வெப் தொங்கி விழுகிறது

நாருக்கு நார் பிடிப்பு இல்லை. இலவம் பஞ்சு பாதிக்கு மேல் கலந்தால் இதுதான் நடக்கும். நார் குட்டை, வழவழப்பு, மெழுகுப் பூச்சு வேறு. பருத்தியோ சுருளுள்ள பிஎல்ஏ-வோ பாதிக்கு மேல் போட்டுத் தாங்க வைக்க வேண்டும். இலவத்தை மட்டும் கார்டில் ஓட்ட முடியுமா என்று மெனக்கெட வேண்டாம், அது காற்றில் படிய வைக்கும் லைனுக்கான வேலை.

கலவை மாறாமலேயே தொங்கினால் டாஃபருக்கும் எடுப்பு உருளைக்கும் இடையிலான இழுவையைக் குறையுங்கள். பிறகு கார்டு உருளைகளில் சுற்றிய பல்வயரின் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனை உருண்டு பளபளத்தால் தேய்ந்துவிட்டது. ஹெம்ப், தென்னை நார் ஓடும் கார்டில் பருத்தியை விட வயர் சீக்கிரம் தேயும். ஒரு கிரைண்டிங் தாங்கும். அதற்கு மேல் வயர் மாற்றம், அது வயரிங் ஆட்களின் வேலை.

### வெப் நன்றாக வருகிறது, ஆனால் பொடிப்பொடியாக முடிச்சு

இந்த முடிச்சுகளுக்கு நெப்ஸ் என்று பெயர். 1.3 முதல் 1.7 டிடெக்ஸ் (10,000 மீட்டர் நாரின் எடை, கிராமில்) லயோசெல், விஸ்கோஸ், பருத்தி போன்ற நுண்ணிய நார்களில் வரும். மூலப்பஞ்சில் ஒரு கைப்பிடியும் வெப்பில் ஒரு துண்டும் எடுத்துக் கறுப்புத் துணி மேல் விரித்து எண்ணுங்கள். பஞ்சிலேயே இருந்தால் சப்ளையரோடு பேச வேண்டிய விஷயம். கார்டுக்குப் பிறகு கூடினால் வொர்க்கர் எனும் சிறு உருளைக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி அகன்றிருக்கிறது, அல்லது நார் ஓட்டம் அதிகம். ஓட்டத்தைக் கால் பங்கு குறைத்துப் பார்ப்பது முதல் படி. ஃபீலர் கேஜால் (அளவுத் தகட்டால்) இடைவெளியை அளப்பது இரண்டாம் படி.

## அறிகுறி 3: ஊசி உடைகிறது

உடைந்த ஊசிகளைக் குப்பையில் போடாமல், பலகையில் எந்த இடம் என்று குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அங்கொன்றும் இங்கொன்றுமாக: நாரில் கடினப் பொருள். சணலின் வேர்முனைக் கட்டை நார், ஹெம்பின் தண்டுச் சக்கை, தென்னை நாரில் தும்பு முடிச்சு, பேல் கட்டிய கம்பித் துண்டு. ஃபீடில் காந்தம் வைப்பது மலிவு, சக்கை நீக்கும் ஓப்பனர் அடுத்த செலவு.

ஒரே வரிசையில் அல்லது ஒரே மூலையில்: ஊசி துளைத்தட்டில் உரசுகிறது. லூமைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஊசி துளையின் நடுவில் இறங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டைத் தளர்த்தி நடுவாக்கலாம். ஊசிப் பலகையே வளைந்திருந்தால், அல்லது மரப்பலகையின் ஓட்டை பெருத்து ஊசி ஆடினால், பலகை மாற்ற வேண்டியதுதான்.

எல்லாம் துணி ஓடும் திசையில் வளைந்து: ஊசி உள்ளே இருக்கும்போதே துணி முன்னேறுகிறது. வேகத்தை நிமிடக் குத்துகளால் வகுத்தால் ஒரு குத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று வரும். நிமிடத்துக்கு 2 மீட்டர், 600 குத்து என்றால் 3.3 மி.மீ. இந்த எண் முன்பு ஓடியதை விடக் கூடியிருந்தால் வேகத்தை இறக்குங்கள்.

எந்த வகையும் இல்லாமல் பரவலாக உடைந்தால், அந்த எடைக்கு ஊசி மெலிது. மென்மையான கலவைக்கு 36 அல்லது 38 கேஜ் போதும். கட்டை நாருக்கு 32 அல்லது அதைவிடத் தடித்தது வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும், ஆர்டர் போடும்போது தலைகீழாக எழுதிவிடாதீர்கள்.

உடைந்த ஒவ்வொரு முனையும் துணிக்குள்ளேதான் இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் வழியே போகாத ரோலை மெத்தை, படுக்கை விரிப்பு வேலைக்கு அனுப்பக் கூடாது.

## அறிகுறி 4: துணியில் வலு இல்லை, அடுக்கு பிரிகிறது

முதலில் துளைத்தட்டுக்கு அடியில் பாருங்கள். நார்த்தூள் குவிந்திருந்தால் குத்து அதிகமாகி நார் அறுபடுகிறது. தாவர நார் பாலியெஸ்டர் போல நீண்டு கொடுக்காது. ஓரளவு வரை குத்தக் குத்த வலு கூடும், அதைத் தாண்டினால் சரசரவென்று இறங்கும். இந்த நிலையில் இன்னும் குத்தினால் இன்னும் கெடும். ஊசி இறங்கும் ஆழத்தை 1 மி.மீ. குறைத்து, கிழிவுச் சோதனை செய்து, மறுபடி 1 மி.மீ. என்று குறைத்துக்கொண்டே போங்கள்.

தூள் இல்லை, அடுக்கு மட்டும் பிரிகிறது என்றால் குத்து போதவில்லை. கணக்கு: ஒரு மீட்டர் அகலத்தில் உள்ள ஊசிகள் × நிமிடக் குத்து ÷ வேகம் ÷ 10,000. மீட்டருக்கு 4,000 ஊசி, 600 குத்து, 2 மீட்டர் வேகம் என்றால் சதுர செ.மீ.க்கு 120. கணக்கு சரியாக வந்தும் பிரிந்தால் ஊசியின் முள் தேய்ந்திருக்கிறது. எல்லா ஊசியையும் ஒரே நாளில் மாற்றாமல் மூன்றில் ஒரு பங்கு என்று சுழற்சியில் மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் அன்றைய துணி வேறு சரக்காகிவிடும்.

நீளவாக்கில் மட்டும் பலவீனம் என்பது பல நேரம் குறையே அல்ல. கிராஸ்லேப் துணியில் நார் குறுக்காகப் படுத்திருக்கிறது. லேப்பருக்கும் லூமுக்கும் இடையே டிராஃப்ட் சற்றே கூட்டினால் நார் திரும்பும்.

துணி முழுக்க நேர்க்கோடுகள் தெரிந்தால் ஒரு குத்துக்கு நகரும் தூரமும் ஊசி வரிசை இடைவெளியும் ஒத்திசைந்துவிட்டன. அந்தத் தூரத்தை 0.2 மி.மீ. கூட்டியோ குறைத்தோ ஓட்டுங்கள், பெரும்பாலும் கலைந்துவிடும்.

## அறிகுறி 5: அடுப்பிலிருந்து வந்த பாய் பிணையவில்லை

குறுக்காக வெட்டி நடுவைக் கிள்ளிப் பாருங்கள்.

### வெளியே விறைப்பு, உள்ளே பஞ்சு

வெப்பம் நடுவரை போகவில்லை. அடுப்பு டிஸ்ப்ளே காட்டும் எண் காற்றினுடையது, பாயினுடையது அல்ல. நிறம் மாறிய பின் திரும்பாத வெப்ப ஸ்டிக்கரைப் பாயின் நடு அடுக்கில் செருகி ஓட்டுங்கள்.

நடு வெப்பம் குறைவு என்றால் முதல் சந்தேகம் மறுபடியும் ஈரம்தான். 1,000 ஜி.எஸ்.எம். பாயில் 700 கிராம் சணல் 14% ரீகெய்னில் இருந்தால், ஒரு சதுர மீட்டரில் 86 கிராம் தண்ணீர். அதை ஆவியாக்க ஆகும் வெப்பம், மீதி நார் முழுவதையும் 170 டிகிரிக்கு ஏற்றும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு. தண்ணீர் தீரும் வரை நடுப்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மழைநாளில் மட்டும் பிணையாத பாய் இதனால்தான். வேகத்தைக் குறையுங்கள், அல்லது முதல் மண்டலத்தை உலர்த்துவதற்கென்றே விடுங்கள். வெப்பத்தை ஏற்றாதீர்கள். சணலும் ஆளி நாரும் 180-க்கு மேல் நிறம் மங்கும், 200-ஐத் தாண்டினால் கருகும்.

ஈரம் சரி என்றால் கன்வேயர் வலை அடைப்பு, அதன் பிறகு விசிறி பெல்ட். பர்னரும் வாயு வால்வும் உங்கள் வேலை அல்ல, சர்வீஸ் ஆளுடையது.

### உள்ளும் புறமும் பஞ்சு

தவறான பிணைப்பு நாரா (அடுப்பில் உருகி மற்ற நாரை ஒட்டும் நார்) என்று பாருங்கள். உறை-உட்கரு வகை பிஎல்ஏ-வின் உறை 130 டிகிரியை ஒட்டி உருகும், அதற்கு 140 முதல் 150 போதும். ஒற்றை பிஎல்ஏ-வோ 165-க்கு மேல்தான் இளகும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடித் தகட்டில் சிறிது நார் வைத்து 145 டிகிரி ஹாட்பிளேட்டில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஒட்டினால் உறை வகை.

மக்கும் துணி என்று ஆர்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பாலிபுரொப்பிலீனும் 160-ஐ ஒட்டித்தான் உருகும், ஹாட்பிளேட் அதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு துளி சோப்பு விட்ட தண்ணீரில் நாரை அழுத்தி விடுங்கள். பாலிபுரொப்பிலீன் மிதக்கும், பிஎல்ஏ மூழ்கும்.

நார் சரியென்றால் கலவை பிசகு. ஒரு பாயின் ஐந்து இடங்களிலிருந்து துண்டு எடுத்து லேபில் பிஎல்ஏ விழுக்காடு கேளுங்கள். டைகுளோரோமீத்தேனில் பிஎல்ஏ கரைந்து சணல் மிஞ்சும், கணக்கு எளிது. அந்தக் கரைப்பான் நச்சு என்பதால் ஆலையில் வைத்துச் செய்ய வேண்டாம்.

### பிணைந்தது, ஆனால் சுருங்கி அலையாகிறது

பிஎல்ஏ நார் போதிய அளவு வெப்பத்தில் நிலைப்படுத்தப்படவில்லை. 20 செ.மீ. குறியிட்ட வெப்பை அடுப்பு வெப்பத்தில் மூன்று நிமிடம் வைத்து அளந்து, சுருக்கத்தைப் புதிய லாட்டோடு (வேறு தொகுதி நாரோடு) ஒப்பிடுங்கள். லாட் சரியாக இருந்தால் குளிர்விப்பைப் பாருங்கள். பிஎல்ஏ 55 முதல் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். பாய் 50-க்குக் கீழ் ஆறாமல் சுற்றினால் ரோல் உள்ளேயே வடிவம் கெட்டு ஒட்டிக்கொள்ளும். சுற்றும் இடத்தில் அகச்சிவப்பு வெப்பமானி பிடித்துப் பாருங்கள். வெயிலில் நிற்கும் லாரிக்குள்ளும் இதே கதிதான்.

## அறிகுறி 6: ஸ்பன்லேஸ் துணியில் கோடு, ஓட்டை, நுரை

கோடு விழுந்தால் ஜெட் ஸ்ட்ரிப்பை (நீர் பாயும் நுண்துளைத் தகட்டை) பக்கவாட்டில் சில செ.மீ. நகர்த்தி ஓட்டுங்கள். கோடும் நகர்ந்தால் ஸ்ட்ரிப்பில் அடைப்பு அல்லது சேதம். நகராவிட்டால் வெப் ஓடும் டிரம்மின் உறையில் கோளாறு. அடைத்த துளை பின்னாமல் மேடாக நிற்கும் கோட்டை விடும், சிதைந்த துளை ஆழமாக வெட்டும். அடைப்பை அல்ட்ராசோனிக் குளியலில் கழுவலாம். ஊசியால் குத்தினால் ஸ்ட்ரிப் போச்சு, துளை 0.1 மி.மீ.யை ஒட்டியது.

வெப்பின் மேல் தண்ணீர் தேங்கினால் உறிஞ்சும் பிளவு அடைத்திருக்கிறது. தேங்கிய நீர் ஜெட்டின் விசையைத் தின்றுவிடும், பிறகு அழுத்தத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

பருத்தி சரியாகப் பின்னவில்லை என்றால் அதில் மெழுகு மிச்சம் இருக்கலாம். வெளுத்த பருத்தியைச் சிறு கம்பிக்கூடையில் அடைத்துத் தண்ணீரில் இடுங்கள். பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும். லயோசெல் துணியின் மேல் மயிர் எழும்பினால் அழுத்தம் அதிகம். ஈரத்தில் அந்த நார் நீளவாக்கில் பிளவுபடும். கடைசி இஞ்செக்டர்களில் (ஜெட் தலைகளில்) 10 பார் வீதம் இறக்கிப் பாருங்கள்.

நுரை என்றால் நாரின் பூச்சு நீரில் கலந்திருக்கிறது. சுற்று நீரில் ஒரு பகுதியை மாற்றி, அந்த லாட்டை நிறுத்தி ஒப்பிடுங்கள். வடிகட்டி அடிக்கடி அடைவதும் பருத்தியின் குட்டை நாரால்தான், வடிகட்டிப் பையின் அளவை மாற்றுவதற்கு முன் கார்டுக்கு வரும் பருத்தியை மாற்றிப் பாருங்கள். உயர் அழுத்தப் பம்பின் சீல் கசிந்தால் அருகே போகாமல் நிறுத்துங்கள். அந்த அழுத்தத்தில் மெல்லிய ஜெட் தோலைத் துளைத்துவிடும். பம்ப் சர்வீஸ் ஆள் வரும் வரை லைன் நிற்கட்டும்.

## அறிகுறி 7: பிஎல்ஏ ஸ்பன்பாண்டில் இழை அறுகிறது, டையில் (இழை வெளிவரும் துளைத்தகட்டில்) சொட்டுகிறது

இது ஒரே காரணத்துக்குப் பத்து முகம்: குருணையில் ஈரம். உருகும்போது தண்ணீர் பிஎல்ஏ-வின் மூலக்கூற்றுச் சங்கிலியை வெட்டிவிடும், உருகல் தண்ணீராக ஓடும். இழையாக இழுக்க ஈரம் 50 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 50 பங்குக்கு) கீழ் இருக்க வேண்டும். படிகமான குருணையை 80 முதல் 100 டிகிரியில், பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) மைனஸ் 40 உள்ள உலர்காற்றில் குறைந்தது நான்கு மணி நேரம் உலர்த்துங்கள். படிகமாகாத குருணை அந்த வெப்பத்தில் கட்டியாகிவிடும், அதற்கு 45-ஐத் தாண்ட வேண்டாம். உலர்த்தியதைத் திறந்த தொட்டியில் வைத்தால் மறுபடி ஈரத்தைக் குடித்துவிடும்.

உலர்ந்த குருணையிலும் சொட்டினால் உருகு வெப்பம் 240-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். முன்பு பாலிபுரொப்பிலீன் ஓடிய லைனானால் அதன் மிச்சமும் இழையை அறுக்கும், நன்றாகப் பர்ஜ் செய்யுங்கள் (பழைய உருகலை முழுக்கத் தள்ளி வெளியேற்றுங்கள்). டையைக் கழற்றுவது கடைசி, அதை மிஷின் தயாரிப்பாளரின் ஆளோடு செய்யுங்கள்.

## அறிகுறி 8: ரோலில் நாற்றம், கறுப்புப் புள்ளி

பூஞ்சை. ஈரம் அதிகமாகச் சுற்றியிருக்கிறது, அல்லது சூடாகச் சுற்றி உள்ளே வியர்த்திருக்கிறது. ரோலின் மேல் அடுக்கை நம்பாமல் மையத்திலிருந்து ஈரத்தை அளந்து பாருங்கள். தரையில் நேரடியாக நிற்க வைக்காமல் பலகை மேல் வையுங்கள். புதிய சணலில் எண்ணெய் வாடை வேறு, புளித்த வாடை வேறு. எண்ணெய் வாடையைக் காற்றில் ஆற விடலாம். புளித்திருந்தால் அந்த ரோலை மற்ற ரோல்களோடு ஒரே கிடங்கில் வைக்காமல் அன்றே பிரித்துவிடுங்கள்.